ஒன்றே கால் சென்ட்: ஒரு ட்ரான்ஸ்பார்மர் கணக்கு

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் ஒரு பத்து நிமிடம் தருவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் கடைசிவரை படிக்க வேண்டும். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணி. எங்கள் வீதிக் கடைசி வீட்டிலிருந்து போன். அங்கே இருப்பவர் என்னோடு இருபது வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த தமிழாசிரியர். மூன்று மாதமாக நுரையீரல் தொந்தரவு. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் சாதனம், முழுக்கக் கரண்டில் ஓடுவது. "அண்ணா, மெஷின் கத்திக்கிட்டே இருக்குதுங்க, ஓட மாட்டேங்குது" என்று அவர் மனைவி அழுதார்கள். நான் பழைய மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பிளக்கில் வைத்துப் பார்த்தேன். 168 வோல்ட். கரண்ட் போகவில்லை. விளக்கு மங்கலாக எரிகிறது, ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறது. ஆனால் அந்த மெஷினுக்கு அது போதவில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் காரை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மணி ஒன்று. அதற்குள் ட்ரான்ஸ்பார்மரில் பீஸ் போய் வீதியே இருட்டு. கம்பத்தடியில் இருபது பேர் கூட்டம். மேலே ஒரு லைன்மேன், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பீஸ் கட்டுகிறார். கீழே நம் ஆட்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, "சார், நல்லாருக்கீங்களா?" என்றார். 2003இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். "இன்னிக்கு இது நாலாவது பீஸுங்க சார். பீஸைக் கட்டலாம், வயரை எங்க போய்க் கட்டறது?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விரித்துத்தான் இந்தப் பதிவு முழுக்க எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்த ட்ரான்ஸ்பார்மரின் கதை. சொந்தக்காரர்களில் வயதானவர்களுக்குத் தெரியும். எங்கள் அய்யன் காலத்தில் சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளுக்காக வந்த ட்ரான்ஸ்பார்மர் அது. 63 கே.வி.ஏ. அன்றைக்கு அதில் இருந்தது எட்டுக் கிணறு. எல்லாம் 5 எச்.பி. மோட்டார். எட்டும் ஒன்றாக ஓடினாலும் மொத்தம் 30 கிலோவாட்தான். அதோடு நாலைந்து வீட்டில் குண்டு பல்பு. பாதி பாரத்தில் அது நிம்மதியாக நின்றது.

இன்றைக்கு அந்த எட்டுக் கிணற்றில் ஆறு மூடியாகிவிட்டது. தோட்டம் சைட்டாகி, சைட் வீடாகி, அதே ட்ரான்ஸ்பார்மரில் இப்போது 62 வீடு. சில வருடத்துக்கு முன்பு 63ஐ எடுத்துவிட்டு 100 கே.வி.ஏ. வைத்தார்கள். கம்பியும் கம்பமும் அப்படியே இருக்கின்றன.

இந்த 62 வீட்டில் இருப்பது குண்டு பல்பா? ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓடினால் ஒன்றரைக் கிலோவாட் அளவுக்கு இழுக்கும். இண்டக்ஷன் அடுப்பு 2 கிலோவாட். கெய்சர் 2 முதல் 3. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டால் அது ஒரு 3 கிலோவாட். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு 2 கிலோவாட் என்று சராசரி போட்டாலே 62 வீட்டுக்கு 124 கிலோவாட். ட்ரான்ஸ்பார்மர் 100. மீதி 24க்குத்தான் பீஸ் போகிறது. லைன்மேனைத் திட்டினால் 124 குறையுமா?

இது கதையில் பாதி. இன்னொரு பாதி பகலில் நடக்கிறது. அதில் நானும் குற்றவாளி.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு "பி.எம். சூர்ய கர்" திட்டத்தை அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கூரையில் சோலார் போட்டால் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 ரூபாய் வரை மானியம். நல்ல திட்டம். நான் போட்டேன். நான் போட்டதைப் பார்த்து வீதியில் இன்னும் 13 பேர் போட்டார்கள். "வாத்தியாரே போட்டுட்டார்" என்று சொல்லிச் சொல்லியே கம்பெனிக்காரர் ஆர்டர் பிடித்தார். ஆளுக்கு 3 கிலோவாட். 14 வீட்டுக்கு 42 கிலோவாட்.

முதல் வருடம் சந்தோஷமாகப் போனது. நம் பக்கத்து வெயிலுக்கு 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமார் 12 யூனிட் தரும். பில் வந்தபோது காபி போட்டுக் கொண்டாடினோம். இந்த வருடம் மார்ச்சிலிருந்து ஒரு புதுத் தொல்லை. நல்ல வெயில் அடிக்கும் 12 மணிக்கு இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து வருகிறது, மறுபடி நிற்கிறது. கம்பெனிக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் வந்து இன்வெர்ட்டர் திரையைக் காட்டினார். 257 வோல்ட். "மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. லைன்ல வோல்டேஜ் அதிகம்."

பகலில் 257, ராத்திரியில் 168. ஒரே கம்பி, ஒரே பிளக். இதெப்படி? பழைய மாணவர்களே, ஓம் விதியை எடுங்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தீர்களே, அது இப்போது உங்கள் வீதியில் நிற்கிறது.

வோல்ட் என்பது மின்னோட்டம் பெருக்கல் மின்தடை. ட்ரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் வீதிக் கடைசிக்கு 400 மீட்டர். கணக்கு எளிதாக இருக்க, கம்பியின் தடை கிலோமீட்டருக்கு 1 ஓம் என்று வையுங்கள். 400 மீட்டருக்கு 0.4 ஓம். ட்ரான்ஸ்பார்மரில் 240 வோல்ட் கிளம்புகிறது. ராத்திரியில் ஒரு பேஸில் 100 ஆம்பியர் கடைசிவரை போகிறது என்று வைத்துக்கொண்டால், 100 பெருக்கல் 0.4, அதாவது 40 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கடைசி வீட்டுக்கு 200தான் கிடைக்கும். மூன்று பேஸிலும் பாரம் சமமாக இல்லாவிட்டால் நியூட்ரல் கம்பியிலும் ஓட்டம் வந்து, இன்னும் கீழே இறங்கும். 168 அப்படி வந்ததுதான்.

இப்போது பகலுக்கு வாருங்கள். 14 வீட்டு சோலாரும் சேர்ந்து 42 கிலோவாட் கொடுக்கிறது. எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். வீதியில் ஓடுவது ஃபிரிட்ஜும் இரண்டு டிவியும். 6 கிலோவாட் போக மீதி 36 கிலோவாட் ட்ரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்புகிறது. ஒரு பேஸுக்கு 12 கிலோவாட், அதாவது 50 ஆம்பியர். அதே 0.4 ஓம். 20 வோல்ட். ஆனால் ஓட்டத்தின் திசை மாறிவிட்டதால் கழித்தலுக்குப் பதில் கூட்டல். 240உம் 20உம் 260. வழி நெடுக வீடுகள் பிரிந்திருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் முன்பின் இருக்கும். என் இன்வெர்ட்டர் காட்டிய 257க்கு இது ரொம்ப தூரமில்லை.

பெயரளவு வோல்டேஜுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் போனால் இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் லைனிலிருந்து பிரிந்துவிட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. 230க்கு அது 253. ஆகவே மெஷின் விதிப்படிதான் நடந்துகொள்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கம்பியின் கடைசியில் இருப்பவருக்குத்தான் வோல்டேஜ் அதிகம் ஏறும், அவர் இன்வெர்ட்டர்தான் முதலில் நிற்கும். ட்ரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டுக்காரருடையது நிற்காமல் ஓடும். மானியமும் ஒன்று, வெயிலும் ஒன்று. வருமானம் மட்டும் வேறு.

நிறையப் பேர் போனில் கேட்கும் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "சார், கரண்ட் போனா சோலாரும் ஏன் நிக்குது? வெயில் இருக்குதே!" கம்பத்தின் மேல் ஒருவர் டார்ச்சைக் கவ்விக்கொண்டு நிற்கிறாரே, அவர் உயிருக்காக. லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் அவர் கை வைக்கிறார். அந்த நேரம் நம் கூரையிலிருந்து கரண்ட் போனால் என்ன ஆகும்? தயவுசெய்து எந்த எலெக்ட்ரீசியனிடமும் சொல்லி அந்தப் பாதுகாப்பை மாற்றி வைக்காதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ராத்திரி லோ வோல்டேஜ் என்று புகார் கொடுத்தால் ஒரு சுலப வழி உண்டு. சில ட்ரான்ஸ்பார்மர்களில் "டேப்" என்று ஒன்று இருக்கும், அதை மாற்றிக் கிளம்பும் வோல்டேஜையே உயர்த்தலாம். உயர்த்தினால் பகலில் இன்னும் ஏறும். இறக்கினால் ராத்திரி இன்னும் விழும். கரண்டை நிறுத்திவிட்டுத்தான் அதை மாற்ற முடியும் என்பதால் காலையும் மாலையும் திருகிக்கொண்டிருக்கவும் முடியாது. போர்வை குட்டையாக இருக்கிறது. தலையை மூடினால் கால் வெளியே. போர்வையை நீட்டுவதுதான் ஒரே வழி.

2012ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் பிளஸ் டூ எழுதியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல், மெழுகுவர்த்தியில் படித்து, விடிகாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சந்தேகம் கேட்டீர்கள். அன்றைக்கு மாநிலத்துக்கே உற்பத்தி போதவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை. இன்றைக்கு நிலைமை வேறு. 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை இல்லாத உச்சம், அதையும் சமாளித்தார்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. நம் வீதிக்கு வரும் குழாய்தான் சிறுத்துவிட்டது. தொட்டி காய்ந்தால் ஊரே கேட்கும், செய்தியில் வரும். ஒரு வீதியின் குழாய் சிறுத்தால் அந்த வீதி மட்டும் உள்ளுக்குள் புழுங்கும்.

சோலார் விஷயத்தில் மேல்மட்டத்திலும் தலைவலி இருக்கிறது. பக்கத்திலேயே இலங்கையைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து தீவு முழுக்க இருட்டாகிவிட்டது. குரங்கைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். ஆனால் விடுமுறை நாளில் மக்கள் உபயோகம் குறைவு, சோலார் அதிகம், சுழன்று கொண்டிருக்கும் பெரிய ஜெனரேட்டர்கள் குறைவு. அந்த நேரத்தில் ஒரு சின்னத் தட்டு தட்டினாலும் தாங்காது என்பதுதான் அங்கே பேசப்பட்ட காரணம். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் மூன்று மணி வரை கூரை சோலாரை அணைத்து வையுங்கள் என்று அங்கே வேண்டுகோளே விடுத்தார்கள். வெயிலை வைத்துக்கொண்டு அணைத்துவை என்று சொல்லும் நிலை.

இதைப் படித்துவிட்டு "அப்ப சோலாரே வேண்டாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்க முடியாது. வீடே கட்டாதீர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். டவுனில் வாடகை கொடுத்து மாளாமல் கடன் வாங்கி இங்கே மூன்று சென்டில் வீடு கட்டி வந்தவர்கள்தான் இந்த 62 பேரில் பாதி. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். வீட்டுக்கு அப்ரூவல் கொடுக்கும்போது, சோலாருக்கு மானியம் கொடுக்கும்போது, நடுவில் இருக்கும் கம்பியை யார் பார்த்தார்கள்?

2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்கு, இந்த லைன் தாங்குமா என்ற தொழில்நுட்பச் சோதனை இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். மக்களை அலைய விடக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஒரு வீட்டைத் தனியாகப் பார்த்தால் 3 கிலோவாட்டுக்குச் சோதனை தேவையில்லை என்பதும் சரிதான். ஆனால் 14 வீடு சேர்ந்தால்? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி, கூட்டினால் தப்பு. அதே திருத்தத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. 5 கிலோவாட் வரையிலான சோலாருக்காக லைனைப் பலப்படுத்த வேண்டியிருந்தால் மின் விநியோகம் செய்பவர் தன் செலவில் செய்ய வேண்டும். முதல் வரியை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டோம். இரண்டாவது வரியைக் கேட்டு நம் வீதியிலிருந்து இதுவரை ஒரு மனு போனதா? இல்லை. மனு எழுதத் தெரிந்த நானே எழுதவில்லை.

எங்கள் வீதி வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது இரண்டு கட்சி. சோலார் இல்லாதவர்கள், "உங்களாலதான் மத்தியானம் ஹை வோல்டேஜ் வந்து எங்க டிவி போச்சு" என்கிறார்கள். சோலார் உள்ளவர்கள், "உங்க ஏ.சி.யாலதான் ராத்திரி பீஸ் போகுது" என்கிறார்கள். சோலார் வீட்டிலும் ராத்திரி ஏ.சி. ஓடுகிறது, அப்போது சோலார் ஒரு யூனிட்டும் தருவதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. பகலில் கம்பிக்குள் தள்ளிய யூனிட்டை ராத்திரி கணக்கில் கழித்துக்கொள்கிறோம். பில்லில் அது கழிந்துவிடும். கம்பியில் கழியாது. கம்பிக்குப் பகலில் ஒரு பாரம், ராத்திரியில் ஒரு பாரம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், லைனை நாம் இலவச பேட்டரியாக வைத்திருக்கிறோம்.

இந்த மண்ணுக்குக் கரண்ட் புதிதல்ல. 1930களில் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் வந்த பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கரண்டுக்காகப் போராடியதும் இந்த மண்தான். யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் விவசாயிகள் உயிரையே கொடுத்தார்கள். ஒரு பைசாவுக்கு ஒன்றுகூடத் தெரிந்த ஊர், ஒரு ட்ரான்ஸ்பார்மருக்கு ஒன்றுகூட முடியாமல் குரூப்பில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, ட்ரான்ஸ்பார்மர் ஏன் வரவில்லை? இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடமே வந்திருக்க வேண்டும்.

லேஅவுட் வரைபடத்தில் கிழக்கு மூலையில் ட்ரான்ஸ்பார்மருக்கு என்று ஒரு துண்டு இருந்தது. விற்பனை சூடாக இருந்தபோது அது முனை சைட்டோடு சேர்ந்து போய்விட்டது. யாரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தை விற்றவன் என்ற முறையில் நான் கேட்டிருக்க வேண்டும். பணம் கைக்கு வந்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

போன வருடம் மின் அலுவலகத்திலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். தங்கமான பையன். இரண்டாவது ட்ரான்ஸ்பார்மர் போடலாம், இடம் மட்டும் காட்டுங்கள் என்றார். வீதியில் ஒவ்வொரு வீடாகக் கேட்டோம். ஒருவருக்கு வாஸ்து. ஒருவருக்கு வெடித்துவிடும் என்ற பயம். ஒருவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார், வீட்டு முன்னால் அது நின்றால் நன்றாக இருக்காதாம். கடைசியில் அந்தப் பையன் என் வீட்டுச் சுவரை ஒட்டி, வீதியின் சரியாக நடுவில் கிடக்கும் ஒன்றே கால் சென்ட்டைக் காட்டி, "சார், இதுதான் டெக்னிக்கலா பொருத்தமான இடம்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேரப் பிள்ளைகள் விளையாடற இடம் தம்பி, வேற பாருங்க" என்றேன். என் பேரப் பிள்ளைகள் இருப்பது பெங்களூரில். வருடத்தில் பத்து நாள் வருவார்கள். வேலி போட்டு, உரிய இடைவெளி விட்டு வைத்தால் ஆபத்தில்லை என்று 30 வருடம் பாடம் நடத்தியவன் நான். உண்மையான காரணம் அந்தச் சென்ட்டின் விலை. நாளைக்கு விற்கும்போது குறையும் என்ற கணக்கு. அந்தப் பையன் மறுபேச்சுப் பேசாமல், "சரிங்க சார்" என்று நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை இரவு என் நண்பர் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தபோது அந்த நோட்டு மூடிய சத்தம்தான் எனக்குக் கேட்டது.

அந்த இடம் ஏன் பொருத்தம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நடுவில் ஒரு ட்ரான்ஸ்பார்மர் வந்தால் கடைசிப் பாதி வீடுகள் அதற்கு மாறும். கம்பி நீளம் 400 மீட்டர் 200 ஆகும், தடை பாதி. வீடுகள் பாதி என்பதால் ஓட்டமும் பாதி. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். ராத்திரியில் விழும் 40 வோல்ட் 10 ஆகிவிடும். பகலில் ஏறும் 20 வோல்ட் 5 ஆகிவிடும். பழைய ட்ரான்ஸ்பார்மரின் பாரமும் பாதியாகும். ஒரே காரியத்தில் ராத்திரித் தொல்லையும் பகல் தொல்லையும் தீரும்.

இனி என்ன செய்யலாம் என்று நான் நினைப்பதை வரிசையாகச் சொல்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் இது பொருந்தும்.

ஒன்று. கரண்ட் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது உண்மையான லோடைச் சொல்லுங்கள். 62 வீட்டில் பாதிக்கு மேல் 2 கிலோவாட் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கொஞ்சம் பணம் மிச்சம். அலுவலகக் கணக்கில் நம் வீதி அமைதியாக இருக்கிறது. கணக்கில் இல்லாத பாரத்துக்கு எவர் ட்ரான்ஸ்பார்மர் கொடுப்பார்? நான் இரண்டு ஏ.சி. வைத்துக்கொண்டு 2 கிலோவாட்டில் இருந்தேன். நேற்று விண்ணப்பம் கொடுத்து மாற்றிவிட்டேன்.

இரண்டு. சோலார் வைத்திருப்பவர்கள் பகல் 11 முதல் 3 மணிக்குள் தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், மாவு அரைப்பது, வண்டி சார்ஜ் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள். யூனிட் கணக்கில் லாபம் தெரியாது. ஆனால் லைனில் ஏறும் வோல்டேஜ் குறையும், உங்கள் இன்வெர்ட்டர் நிற்பதும் குறையும். ராத்திரிப் பாரமும் அந்த அளவுக்கு இறங்கும். பகல் வெயில் நேரத்துக் கட்டணம் வழக்கமானதைவிட 20 சதவிகிதமாவது குறைவாக இருக்க வேண்டும் என்று 2023இலேயே மத்திய விதி வந்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்து வீடுகளுக்கும் அது நடைமுறையானால் சோலார் இல்லாதவர்களும் தாமாகவே பகலுக்கு மாறுவார்கள்.

மூன்று. ராத்திரி ஏ.சி.யை 26இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். 18இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

நான்கு. புதிதாக சைட் வாங்குபவர்கள் ரோடு அகலம், தண்ணீர் கேட்பதுபோல, "ட்ரான்ஸ்பார்மர் எங்கே வருகிறது, எத்தனை கே.வி.ஏ., எத்தனை வீட்டுக்கு?" என்றும் கேளுங்கள். வரைபடத்தில் அந்த இடம் இருக்கிறதா, தரையிலும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நிலம் விற்பவர்களும் அதை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். நான் செய்யாததைச் சொல்கிறேன்.

ஐந்து. மின்துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு. ஒரு ட்ரான்ஸ்பார்மரில் எத்தனை வீடு, எவ்வளவு பாரம், எவ்வளவு சோலார் என்பதை அந்தக் கம்பத்திலேயே ஒரு பலகையில் எழுதி வைக்க முடியுமா? ரேஷன் கடையில் இருப்பு எழுதுவதுபோல. தெரிந்தால் மக்கள் திட்டுவதைக் குறைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். இதில் நடைமுறைச் சிக்கல் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்களிடம் கற்றுக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆறு. மூச்சுக் கருவி வைத்திருக்கும் வீடு எது என்று வீதியில் நான்கு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அந்த வீட்டில் ஒரு நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் கையிருப்பில் இருக்கட்டும். ட்ரான்ஸ்பார்மர் வரும்வரை மூச்சு காத்திருக்காது. நண்பர் வீட்டுக்கு நேற்று ஒன்று வந்துவிட்டது.

இப்போது சொந்தங்களுக்கான கேள்வி.

அந்த ஒன்றே கால் சென்ட் எனக்கு மட்டும் சொந்தமில்லை. அய்யனின் பாகத்தில் பிரிக்காமல் விட்ட துண்டு. என் பெயர், தம்பி பெயர், அக்காவின் மூன்று பிள்ளைகள் பெயர், ஐந்தும் பத்திரத்தில் இருக்கிறது. நான் என் சம்மதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்ற நான்கு கையெழுத்தும் வேண்டும். இங்கே சென்ட் என்ன விலை போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் போன வருடம் நான் பொய் சொன்னேன். உங்களில் யாருக்காவது பணக் கஷ்டம் இருந்து அந்தப் பங்கை விட முடியாது என்றால் தயங்காமல் தனியாகப் போன் செய்யுங்கள். என் பென்ஷனிலிருந்து தவணையில் கொடுத்துவிடுகிறேன். குறையாக நினைக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். அந்தத் தோட்டத்துக் கிணற்று மேட்டில்தான் நாம் எல்லோரும் குளித்து வளர்ந்தோம். முதல் மோட்டாருக்குக் கரண்ட் வந்த நாளில் அய்யன் பூசணிக்காய் உடைத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களையும் கூப்பிட்டுச் சர்க்கரைப் பொங்கல் போட்டார். அந்தக் கம்பம் நட இடம் கொடுத்ததும் அவர்தான். அவர் யாரிடமும் விலை பேசவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீதிக் கூட்டம் எங்கள் வீட்டில். மனு தயாராக இருக்கிறது. 62 வீட்டுக் கையெழுத்தும் வாங்க வேண்டும், இரண்டு கட்சியும் ஒரே காகிதத்தில். திங்கட்கிழமை அந்த இளம் இன்ஜினியரை நேரில் பார்த்து, முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு மனுவைக் கொடுப்பதாக இருக்கிறேன்.

தம்பி, மருமகப் பிள்ளைகளே, சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். மத்தியானச் சாப்பாடு இங்கேதான். மோட்டார் போட்டுக் குளிக்கக் கிணறு இல்லை. பகலில் வருவதால் ஏ.சி. தாராளமாகப் போடலாம், சோலார் ஓடும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்